பாதி கண்ணாடி

சாரா: அண்ணே, மணி இப்போ எவ்ளோ?

ராஜவேலு: பத்தடிக்க அஞ்சு நிமிஷம் இருக்குது. ஏன் மேடம், ஆம்பூர்ல எறங்குனதும் வாட்ச் நின்னுடுச்சா?

சாரா: என் வாட்ச் ஒழுங்காத்தான் ஓடுது. உங்க ரிஜிஸ்டர்தான் ரொம்ப வேகமா ஓடுது. சாயந்தரம் அஞ்சு மணி பாய்லர் ரீடிங்க இப்பவே எழுதி வெச்சிருக்கீங்க!

ராஜவேலு: அய்ய... அத யாரு உங்கள எடுக்கச் சொன்னாங்க? குடுங்க இப்டி.

சாரா: பதினோரு மணி, தண்ணி மட்டம் பாதி கண்ணாடி. பன்னெண்டு மணி, பாதி கண்ணாடி. சோத்து நேரத்துலயும் பாதி கண்ணாடி...

ராஜவேலு: மெதுவா மேடம். அந்தாண்டதான் மொதலாளி ஹமீத் பாய் ஆபீஸ் ரூம். காதுல விழுந்தா பேஜாரு. காலைலயே எழுதிட்டா ஒரு வேலை முடிஞ்சுது. மிச்ச நேரம் நிம்மதியா பாய்லர பாத்துக்கலாம் இல்ல?

சாரா: பாய்லர பாத்துட்டு எழுதறதுக்குப் பேருதான் ரீடிங்.

ராஜவேலு: அது உங்க காலேஜ்ல. இங்க வர்ற இன்ஸ்பெக்டரு ரிஜிஸ்டரத்தான் பாப்பாரு. தண்ணி பாதி கண்ணாடின்னு இருந்தா டீ குடிச்சிட்டுப் போய்டுவாரு. ஒரு நூல் மேல எழுதுனா ஏன்னு கேப்பாரு. ஒரு நூல் கீழ எழுதுனா மெமோ. எந்த பாய்லர் ரூம்ல வேணா போய்ப் பாருங்க... எல்லாருக்கும் பாதிதான்.

சாரா: சரி, ரிஜிஸ்டர விடுங்க. நான் உங்களுக்குன்னு தனியா ஒரு நோட்டு குடுத்தேனே, அது?

ராஜவேலு: அதுலயும்தான் எழுதித் தர்றேன். மூணு மாசமா ஒரு நாள் விடல.

சாரா: விடலதான். தோலுக்குச் சாயம் ஏத்தற டிரம்முக்கு ஸ்டீம் தொறக்கும்போது கண்ணாடில தண்ணி எவ்ளோ ஏறுது, எவ்ளோ எறங்குதுன்னு எழுதச் சொன்னேன். மூணு மாசமும் பாதி! ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல.

ராஜவேலு: நல்ல பாய்லரு மேடம். சொன்ன எடத்துல நிக்குது.

சாரா: நிக்கறதுக்கு அது என்ன டிராபிக் போலீஸா?

ராஜவேலு: கோவமா இருக்கீங்க. டீ சொல்லட்டுமா?

சாரா: எனக்கு டீ வேணாம்.

ராஜவேலு: ஞாயித்துக்கெழம அதுவுமா சர்ச்சுக்குக்கூட போவாம வந்துட்டீங்க போல. அதான் கோவம்.

சாரா: போய்ட்டுதான் வந்தேன். விடிகாலை ஆராதனை முடிஞ்சதும் வேலூர்ல பஸ் ஏறினேன். வெள்ளிக்கெழம லீவு விடற கம்பெனிக்கு ஞாயித்துக்கெழம வந்தாத்தானே பாய்லர் எரியும்... பேச்ச மாத்தாதீங்கண்ணே. நாளைக்கு எங்க ஆராய்ச்சி கைடு முடிவு சொல்லப் போறார்.

ராஜவேலு: இன்னா முடிவு?

சாரா: என் கம்ப்யூட்டர் புரோகிராம வெச்சுக்கறதா, குப்பைல போடறதான்னு. ஸ்டீம திடீர்னு ஜாஸ்தியா எடுத்தா கண்ணாடில தண்ணி மட்டம் ஏறும்னு அது சொல்லுது. அவர் உங்க நோட்ட எடுத்துப் பொரட்டினார். "ஆம்பூர்ல எரியற பாய்லர் ஏறலைங்குது, உன் கணக்கு ஏறுதுங்குது. நான் எத நம்பணும் சாரா?"ன்னு கேட்டார்.

ராஜவேலு: நீங்க இன்னா சொன்னீங்க?

சாரா: ஒரு வாரம் டைம் கேட்டேன். நாளையோட அதுவும் முடியுது. நிஜமான ரீடிங் கொண்டுபோவலன்னா மெட்ராஸ் கம்ப்யூட்டர்ல எனக்குன்னு குடுத்திருக்கற நேரத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்க. ரெண்டு வருஷ வேலைண்ணே.

ராஜவேலு: அடேங்கப்பா... பாதின்னு எழுதுனதுக்கு இவ்ளோவா?

சாரா: இவ்ளோதான்.

ராஜவேலு: ஆமா, நம்ம பாய்லர எப்ப வந்து பாத்துச்சு அந்த கம்ப்யூட்டரு?

சாரா: அது பாக்கவே இல்ல. பாய்லர் எவ்ளோ பெருசு, பிரஷர் எவ்ளோ, நிமிஷத்துக்கு எவ்ளோ ஸ்டீம் எடுக்கறீங்க, எல்லாத்தையும் அட்டைல ஓட்டை ஓட்டையா குத்திக் குடுத்துடுவேன். பாய்லருக்குள்ள தண்ணியும் ஆவியும் கலந்து எப்படி நகரும்னு துண்டு துண்டா கணக்குப் போட்டு நீளமா ஒரு காயிதத்துல அடிச்சுத் தரும். ஆயிரத்து நூறு அட்டை. நீங்க குடுத்த ஷூ பெட்டிலதான் அடுக்கி வெச்சு ரயில்ல மடில வெச்சுட்டுப் போறேன்.

ராஜவேலு: கைக்கொழந்தையாட்டம்.

சாரா: கொழந்த கீழ விழுந்தா கொழந்த அழும். இது விழுந்தா நான் அழணும். ஒரு தடவ அரக்கோணத்துல வண்டி மாறும்போது கொட்டிப்போச்சு. பிளாட்பாரத்துல உக்காந்து நம்பர் பாத்துப் பாத்து அடுக்கினேன். ரெண்டு வண்டி போயிடுச்சு.

ராஜவேலு: சிரிக்கக் கூடாதுதான்... சரி, ஒண்ணு கேக்கறேன். ஸ்டீம் வெளிய போனா தண்ணி கொறையத்தான் செய்யணும். ஏறும்ங்கறீங்களே, அது எப்டி?

சாரா: கோலி சோடா ஒடைக்கறத பாத்திருக்கீங்க இல்ல? கோலிய உள்ள தள்ளினதும் என்ன ஆவுது?

ராஜவேலு: புஸ்ஸுனு பொங்கி மேல வரும்.

சாரா: சோடா ஜாஸ்தியாயிடுச்சா?

ராஜவேலு: அது எப்டி ஆவும்? வர்றது நொரதான்.

சாரா: இங்கயும் அதேதான். வால்வத் தொறந்ததும் பிரஷர் படக்குனு கொறையுது. தண்ணிக்குள்ள இருக்கற குமிழியெல்லாம் ஊதிப் பெருசாவுது, புதுசாவும் கெளம்புது. எல்லாம் சேந்து தண்ணிய மேல தூக்குது. கண்ணாடில தண்ணி ஏறின மாதிரி தெரியும். ஆனா உள்ள இருக்கற தண்ணி கொறைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். வால்வ மூடினதும் குமிழி அமுங்கிடும். தண்ணி மட்டம் சட்டுனு கீழ போய்டும்.

ராஜவேலு: அப்போ... கண்ணாடி பொய் சொல்லுதுங்கறீங்க.

சாரா: பொய் இல்ல. நெசமாவே மட்டம் ஏறித்தான் இருக்கும். பாத்தவங்க ஏறுச்சுன்னு சொன்னா அது சத்தியம்.

ராஜவேலு: இன்னொரு தடவ சொல்லுங்க.

சாரா: ஏறுச்சுன்னு சொன்னா... அது சத்தியம்.

ராஜவேலு: இருங்க, இந்தக் கட்டைய உள்ள தள்ளிட்டு வர்றேன். பச்சைக் கட்டை... கண்ணுல பொகை ஏறுது.

வேலாயுதம்: ராஜவேலண்ணா! டிரம் ரூம்லேர்ந்து வேலாயுதம்! சாயத்துக்கு வெந்நி வேணுமாம், மேஸ்திரி கத்தறாரு. தொறக்கட்டுமா?

சாரா: அண்ணே, இந்த ஒரே ஒரு தடவ ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம். நான் வாட்ச பாக்கறேன், நீங்க கண்ணாடிய பாருங்க. பக்கத்துல நான் ஒட்டி வெச்ச ஸ்கேல் அப்படியே இருக்கு.

ராஜவேலு: வேலாயுதம்! நான் சொன்னப்புறம் தொற! முழுசாத் தொறந்துடு!

வேலாயுதம்: முழுசாவா? கொஞ்சம் கொஞ்சமாத் தொறடான்னு நெதமும் உசுர வாங்குவியேண்ணா!

ராஜவேலு: இன்னிக்கு மட்டும்!

சாரா: கொஞ்சம் கொஞ்சமாத் தொறக்கச் சொல்வீங்களா? ஏன்?

ராஜவேலு: ஒரு பழக்கம்.

சாரா: இது விஷயம் தெரிஞ்சவங்க பழக்கம்ணே.

ராஜவேலு: நீங்க மொதல்ல உங்க காயிதத்துல போட்டிருக்கறத படிங்க. அப்புறமா மாத்திப் பேசக் கூடாது.

சாரா: அரை நிமிஷத்துல பாதிக்கு மேல ரெண்டு இஞ்ச். மூணு நிமிஷம் கழிச்சு வால்வ மூடினா பாதிக்குக் கீழ ஒரு இஞ்ச்.

ராஜவேலு: இப்போ சரியா பாதில நிக்குது. நீங்களும் பாத்துக்கங்க... வேலாயுதம், தொற!

சாரா: அஞ்சு... பத்து...

ராஜவேலு: அரை இஞ்ச்.

சாரா: மேலயா?

ராஜவேலு: மேலதான். முக்கா. ஒண்ணே கால்... தளும்புது.

சாரா: இருவது.

ராஜவேலு: ஒண்ணரை. ரெண்டு.

சாரா: முப்பது!

ராஜவேலு: ரெண்டரை. கண்ணாடி தலைக்கு வந்துடுச்சு.

சாரா: அண்ணே, பாய்லருக்குத் தண்ணி ஏத்தற பம்ப நிறுத்திடாதீங்க!

ராஜவேலு: நானா? நான் எதுக்கு நிறுத்தப் போறேன்? ஒருத்தர் நிறுத்துனதப் பாத்தது பத்தாதா!

சாரா: ...யாரு நிறுத்தினாங்க?

ராஜவேலு: வாட்ச பாருங்க மேடம்.

சாரா: பாத்துட்டுதான் இருக்கேன். இன்னும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல இருக்கு. யாருண்ணே?

ராஜவேலு: பழைய கதை. வாணியம்பாடி ரோட்டுல ஒரு தோல் கம்பெனி இருந்துச்சு, இப்போ அந்த எடத்துல கல்யாண மண்டபம். எழுவத்தொண்ணுல நான் அங்க ஃபயர்மேன், கட்டை போடறவன். பாய்லர்மேன் வேற ஒருத்தரு.

சாரா: அவரா நிறுத்தினாரு?

ராஜவேலு: இதே மாதிரி ஏறுச்சு. தலை வரைக்கும். தண்ணி ஸ்டீம் பைப்ல பூந்துடும்னு பயந்துதான் பம்ப நிறுத்துனாரு. எந்த பாய்லர்மேனும் அதத்தான் செய்வான். அந்த நேரம் பாத்து டிரம் ரூம்ல வால்வ மூடிட்டானுங்க. திரும்பிப் பாத்தா... கண்ணாடில பொட்டுத் தண்ணி இல்ல. தண்ணி கொறைஞ்சா உருகறதுக்குன்னு உள்ள ஈயம் அடைச்சு வெச்சிருப்பாங்க. அது உருகி, ஸ்டீம் அடுப்புல பாஞ்சு, ரூம் பூரா வெள்ளை. ஒண்ணும் தெரியல. யாருக்கும் உசுரு போவல, அது வரைக்கும் புண்ணியம்.

சாரா: அவருக்கு என்ன ஆச்சு?

ராஜவேலு: மூணு நிமிஷம் ஆச்சா?

சாரா: ...ஆச்சு.

ராஜவேலு: வேலாயுதம்! மூடு!

வேலாயுதம்: தொட்டி இன்னும் ரொம்பலண்ணா!

ராஜவேலு: அப்புறம் ரொப்பிக்கலாம். மூடுடா!... எறங்குது மேடம். ஒண்ணு. பாதி. பாதிக்குக் கீழ அரை...

சாரா: நாப்பது செகண்ட்.

ராஜவேலு: முக்கா. ஒண்ணு. ஒண்ணே கால். அவ்ளோதான், நின்னுடுச்சு. பம்ப் ஓடுது, இனிமே ஏறிக்கும்.

சாரா: ஏறும்னுச்சு, ஏறுச்சு! எறங்கும்னுச்சு, எறங்குச்சு! அண்ணே, பாத்தீங்களா அண்ணே!

ராஜவேலு: குதிக்காதீங்க, தரையெல்லாம் எண்ணெ. ஆனா ரெண்டுன்னு சொன்ன எடத்துல ரெண்டரை ஆயிடுச்சு. உங்க மெஷினு அரை இஞ்ச் கம்மி.

சாரா: ஆமால்ல... அந்த அரை இஞ்ச் எங்கேர்ந்து வந்துது?

ராஜவேலு: எந்த ஊரு தண்ணின்னு கேட்டுச்சா அது?

சாரா: தண்ணின்னா தண்ணிதானே.

ராஜவேலு: அங்கதான் கோட்டை விட்டீங்க. இது நம்ம கெணத்துத் தண்ணி. தோல்ல போட்ட உப்பு பூரா இதுலதான் எறங்குது. காயக் காய உப்பு உள்ளயே தங்கிடும், நொர கட்டும். நொர ஜாஸ்தியானா ஏறறதும் ஜாஸ்தி. வெள்ளிக்கெழம பாய்லரக் கழுவிட்டு சனிக்கெழம காலைல வேலாயுதம் வர்றதுக்கு முன்னாடி நானே முழுசாத் தொறந்தா உங்க மெஷினு சொன்ன ரெண்டு இஞ்சுதான். வியாழக்கெழம பாத்தா ரெண்டே முக்கா. இந்த வாரம் எக்ஸ்போர்ட் அவசரம்னு அரைகுறையாத்தான் கழுவுனோம், அதான் ஞாயித்துக்கெழமயே ரெண்டரை.

சாரா: உப்பு... நொர... நான் அத யோசிக்கவே இல்லியே! குமிழி எவ்ளோ நேரம் ஒடையாம நிக்கும்னு ஒரே ஒரு நம்பர்தான் போட்டிருக்கேன். அத தண்ணிக்குத் தக்க மாத்தணும். நாலஞ்சு அட்டை மாத்தினா போதும்! அண்ணே, இத எங்க கைடே சொல்லல!

ராஜவேலு: அவரு பாய்லர் கழுவியிருக்க மாட்டாரு.

சாரா: இருங்க, இருங்க. சனிக்கெழம ரெண்டு, வியாழக்கெழம ரெண்டே முக்கான்னு பட்டுனு சொல்றீங்க. நோட்டுல எழுதினதெல்லாம் பாதி. உங்களுக்கு எப்படித் தெரியும்?

ராஜவேலு: ...கண்ணு இருக்குதே.

சாரா: கண்ணு இருக்கு. கைதான் எழுதல.

ராஜவேலு: நல்லா கேக்கறீங்க.

சாரா: அண்ணே, இன்னிக்கு எடுத்த ரீடிங்குக்குக் கீழ உங்க கையெழுத்து வேணும். உங்க பாய்லர்மேன் சர்டிபிகேட் நம்பரோட. நான் மட்டும் எழுதிட்டுப் போனா கைடு நம்ப மாட்டார்.

ராஜவேலு: நான் போட்டேன்னா, ரிஜிஸ்டர்ல இருக்கற பாதியெல்லாம் பொய்யின்னு ஆயிடும்.

சாரா: தெரியும். கேக்கறதுக்கு எனக்கே கூச்சமாத்தான் இருக்கு.

ராஜவேலு: ஹமீத் பாய் தங்கமானவரு. ஆனா இன்ஸ்பெக்டரு மெமோ குடுத்துட்டா பாய் இன்னா பண்ணுவாரு? சர்டிபிகேட் போச்சுன்னா எனக்கு வேற தொழில் தெரியாது. பெரிய பொண்ணு அஞ்சாவது படிக்கறா.

சாரா: கட்டாயம் இல்லண்ணே. வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் வேற பாய்லர தேடிக்கறேன்.

ராஜவேலு: ஒரு நாள்ல எங்கத் தேடுவீங்க?... ஆமா, இத யாரெல்லாம் படிப்பாங்க?

சாரா: கைடு. அப்புறம் இன்னொருத்தர்.

ராஜவேலு: யாரு அந்த இன்னொருத்தரு?

சாரா: வேலூர்ல ஆஸ்பத்திரி லாண்டரில போர்வை மடிக்கறவரு. அங்கயும் பாய்லர் இருக்கு. ஆனா அந்தப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டாரு. ஸ்டீம் வால்வத் தொறக்கற சத்தம் கேட்டா மட்டும் மடிக்கறத நிறுத்திட்டு அப்படியே நிப்பாராம். மூடற வரைக்கும்.

ராஜவேலு: ...எடது கை எப்டி இருக்குது?

சாரா: யாருன்னு நீங்க கேக்கவே இல்லியே.

ராஜவேலு: கை எப்டி இருக்குது, சொல்லும்மா.

சாரா: தழும்பு இருக்கு. விரல் நல்லா மடங்குது. போர்வை மூலை பிசகாம மடிப்பாரு.

ராஜவேலு: ஞானசீலண்ணன்...

சாரா: எங்க அப்பா.

ராஜவேலு: உக்காரு... உக்காருங்கம்மா. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கங்க.

சாரா: விசாரணைக் காயிதத்தோட நகல் ஒண்ணு எங்க வீட்டு டிரங்குப் பெட்டில இருந்துது. பாய்லர்மேன் தூங்கிட்டதால தண்ணி கொறைஞ்சுதுன்னு. கீழ சாட்சி, ஃபயர்மேன் ராஜவேலு, "நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை." அந்தப் பேரத் தேடித்தான், இத்தினி பாய்லர் இருக்கற ஊர்ல, இந்த பாய்லருக்கு வந்தேன்.

ராஜவேலு: பாத்தேம்மா. நானும் பாத்தேன். அவரு சொன்ன மாதிரியே தலை வரைக்கும் இருந்துச்சு. ஆனா தலை வரைக்கும் இருந்த தண்ணி அரை நிமிஷத்துல எங்க போவும்? நானே என் கண்ண நம்பல. கல்யாணம் ஆகி இருவது நாளு எனக்கு. சுத்தி உக்காந்து கேட்டாங்க... பாக்கலன்னுட்டேன். அவரு என்னத் திரும்பி ஒரு பார்வ பாத்தாரு. பன்னெண்டு வருஷமா அந்தப் பார்வ போவல.

சாரா: மொத நாள் உங்கள நல்லா நாலு கேள்வி கேக்கணும்னுதான் வந்தேன். பஸ்ல வர்ற வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்.

ராஜவேலு: கேக்கலியே.

சாரா: நீங்க டீ வாங்கிக் குடுத்துட்டீங்க. அப்புறம் அட்டை வைக்க ஷூ பெட்டி. எப்படிக் கேக்கறது?

ராஜவேலு: இப்போ கேளுங்க.

சாரா: இப்போ கேக்கறதுக்கு ஒண்ணுதான் இருக்கு. இன்னிக்கு ரெண்டு காயிதம் கொண்டாந்திருக்கேன். ஒண்ணு கைடுக்கு. இன்னொண்ணு அப்பாவுக்கு. அன்னிக்கு நீங்க பாத்தத ரெண்டே வரில எழுதிக் குடுத்தா போதும். அத வெச்சு யார்கிட்டயும் நான் போவ மாட்டேன். அவரு படிச்சா போதும்.

ராஜவேலு: அந்த ரெண்டாவது காயிதத்த மடிச்சு உள்ள வைங்க.

சாரா: மாட்டீங்களாண்ணே?

ராஜவேலு: மொத நாள் வந்ததும் வராததுமா நீங்க இன்னா பண்ணீங்க, ஞாபகம் இருக்குதா? விரல மடக்கி இந்தக் கண்ணாடிய ரெண்டு தட்டு தட்டிட்டு அப்புறமா பாத்தீங்க. அவரு ஒருத்தருதாம்மா அப்டித் தட்டுவாரு.

சாரா: அப்பா டீ கிளாஸையே அப்படித்தான் தட்டுவாரு... அப்போ அன்னிலேர்ந்தே நான் யாருன்னு தெரியுமா? தெரிஞ்சுமா மூணு மாசம் பாதி பாதின்னு எழுதிக் குடுத்தீங்க?

ராஜவேலு: நெசத்த எழுதிக் குடுத்தா வாங்கிட்டுப் போய்டுவீங்க, மறுபடி வர மாட்டீங்க. நான் சொல்ல வேண்டியது தொண்டையிலயே நின்னுடும். தைரியம் வர்ற வரைக்கும் நீங்க வந்துட்டே இருக்கணும்னு இருந்துட்டேன், உங்க படிப்பு இதுல மாட்டிக்கும்னு எனக்குத் தோணல, மன்னிச்சுக்கங்க. அந்த எண்ணெ டின்னுக்குப் பின்னால ஒரு ஷூ பெட்டி இருக்குது பாருங்க, எடுங்க. உள்ள ஒரு நோட்டு. மூணு மாசமும் நெசமா எவ்ளோ ஏறுச்சு, எவ்ளோ எறங்குச்சு, எந்தெந்த நாள் பாய்லர் கழுவுனோம், எல்லாம் இருக்குது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து போட்டாச்சு, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் கைல எடுப்பேன், குடுக்கத்தான் கை வரல. கடைசிப் பக்கத்துல மட்டும் எழுவத்தொண்ணுல ஒரு தேதி போட்டிருக்கேன். "கண்ணாடி தலை வரைக்கும் தண்ணி இருந்துச்சு, நானும் பாத்தேன்"னு. அந்த ஒரு பக்கத்த கம்ப்யூட்டருக்குக் குடுக்காதீங்கம்மா... அண்ணன் கைல குடுங்க.